ஆளில்லாத முந்நூற்றுப் பதினோரு வீடுகள்

நகரம் இன்னும் இருபத்தைந்து வருடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் கடைசிக் கூட்டம் அது. சுவரில் ஏழு இலக்குகள், ஏழு அட்டைகள். வந்தவர்கள் கையில் ஆளுக்கு மூன்று பச்சை ஸ்டிக்கர். பிடித்த இலக்கின் மேல் ஒட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். அடுத்த மாதத்தை ஓட்டவே அவனவனுக்கு விழி பிதுங்குகிறது. இருபத்தைந்து வருடத்தை ஸ்டிக்கரில் முடித்துவிடும் சாமர்த்தியம் நகரசபைக்குத்தான் வரும்.

கணக்கெடுப்புப் பிரிவில் வேலை பார்க்கும் சின்னவள் நாற்காலி எடுத்துப் போட வந்தவள். அட்டையில் இருந்த வரைபடத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டுவிட்டு அதன் அருகே போனாள். அதிக ஸ்டிக்கர் வாங்கிய இலக்கு, ஊருக்கே ஒரு பெரிய பூங்கா. பூங்காவுக்குக் குறித்த இடத்தில்தான் அவளுடைய அக்கா குடியிருந்தாள். அக்கா மட்டுமா, முந்நூற்றுப் பதினோரு வீடுகள்.

"சார், இங்க வீடுங்க இருக்கு" என்றாள் திட்ட அதிகாரியிடம்.

"கட்டடம் இருக்கு. யாரும் குடியில்ல. நீ கொடுத்த தாள்தானேம்மா?"

அவள் கொடுத்த தாள்தான். இரண்டு நாள் வெயிலில் நடந்து நிரப்பியது. உள்ளேயிருந்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து வாயால் சொன்னால்தான் எழுதலாம், பக்கத்து வீட்டில் கேட்டு எழுதக் கூடாது என்பது விதி. அந்தப் பகுதியில் விடிந்தால் வீட்டுக்கு வீடு பூட்டு. எல்லாரும் ஆலைக்கும் கடைக்கும் கட்டட வேலைக்கும் போய்விடுவார்கள். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, கணக்கெடுக்கிறவர்கள் வழக்கமாக எழுதுவதைப் போல அவளும் "ஆளில்லை" என்று எழுதிக்கொண்டே போனாள். இன்னொரு தடவை அனுப்புவார்கள் என்று நம்பினாள். யாரும் அனுப்பவில்லை. அலுவலகக் கம்ப்யூட்டருக்கு "ஆளில்லை" என்றால் மனிதர் வசிக்காத இடம் என்று அர்த்தமாம்.

"வேலைக்குப் போயிருக்காங்க சார், அவ்வளவுதான்!"

"அப்போ பூட்டியிருக்குன்னு எழுதியிருக்கணும். கையெழுத்து வேற போட்டிருக்க. அஞ்சு மணிக்கு நகரசபைத் தலைவர் பூங்காவை அறிவிச்சிடுவார்."

"வேற வழியே இல்லையா சார்?"

"கணக்கெடுத்தவங்க போகாமலே எழுதினதா இருந்தா மறு கணக்கெடுப்பு உண்டு. வேலை போயிடும். போனியா, போகலையா?"

அவள் வெளியே ஓடி அக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, உன் வீடு போகப்போகுது. இருக்கிற எல்லாரையும் கூட்டிட்டு நகரசபைக்கு வா."

"ஆறு மணிக்குத்தான்டி விடுவாங்க. என்ன சொல்ற நீ?" அதற்குள் ஆலை மேற்பார்வையாளரின் அதட்டல் கேட்டது. போன் நின்றது.

ஐந்து அடிக்கப் பத்து நிமிடம். தலைவர் மேடை ஏறிவிட்டார். சின்னவள் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தாள்.

"அந்தப் பகுதிக்கு நான் போகவே இல்ல. வீட்டுல உக்காந்து எழுதினேன். எல்லாம் பொய்."

கூடமே சலசலத்தது. "சம்பளம் வாங்குறதுக்கு வெக்கமா இல்ல?" என்று ஒருவர் கத்தினார். "திருடி!" என்றார் இன்னொருவர். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அவமானத்தில் உடம்பு கூசியது, ஆனாலும் மனசுக்குள் ஒரு அப்பாடா. அதிகாரி பேனாவைத் திறந்து, அவள் தாளை ரத்து செய்யக் குறுக்கே கோடு போடக் குனிந்தார்.

"எவன்டா அவளைத் திருடின்னது?"

வாசலில் அக்கா. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, ஆலை உடுப்போடு மூச்சிரைக்க நின்றாள்.

"அவ வரலையா? ரெண்டு நாள் லீவு போட்டு நான்தானே கூடவே குடை பிடிச்சிட்டு நடந்தேன்! ஒரு கதவு விடாம தட்டினா, பூட்டிக் கெடந்த என் வீட்டுக் கதவைக்கூட!"

"அக்கா, பேசாத! உன் கால்ல விழறேன்!"

"நீ சும்மா இருடி. யாருக்குப் பயந்துக்கிட்டு இப்படிச் சொல்ற? உன்னை ஒருத்தன் ஒரு சொல் சொல்ல விட்டுடுவேனா?"

அதிகாரி நிமிர்ந்தார். "நீங்க அங்கதான் குடியிருக்கீங்களாம்மா?"

"பதினாலு வருஷமா."

"சரி. உங்க ஒரு வீட்டை மட்டும் திருத்திக்கறேன். அவங்க வந்தது உறுதியாயிடுச்சு, மத்ததெல்லாம் செல்லும்." பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

தலைவர் பூங்காவை அறிவித்தார். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. சின்னவள் அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தித் துடைத்தாள்.

"அழாதடி. உன் பேரைக் காப்பாத்திட்டேன்ல? இப்ப சொல்லு, வீட்டுக்கு என்னமோ ஆகப்போகுதுன்னியே, என்ன அது?"