தின்ஷா தொடாத கறி

கேம்ப் பாஸ் தின்ஷா இந்த வெள்ளிக்கிழமையும் பிரியாணியைத் தொடவில்லை. பருப்பும் குப்பூஸ் ரொட்டியும் வைத்துக்கொண்டான். வேலைக்கு வந்த புதிதில் இதே மெஸ்ஸில் எலும்பை உறிஞ்சித் தின்றவன்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த நாகலிங்கம் பார்த்துவிட்டான். போன மாதம் பக்கத்து கேம்பில் கெட்ட கறி தின்று ஒரு ரூமே ஆஸ்பத்திரியில் கிடந்தது. தோஹா தொழில்பேட்டையில் ஜூலை வெயிலுக்குக் கறி கெட அரை நாள் போதும்.

"பாஸு வாய வைக்கல. நாம மட்டும் திங்கணுமாக்கும்" என்று தட்டைத் தள்ளினான். பக்கத்திலிருந்த ஜெயமணியும் தள்ளினான். பிறகு மெஸ்ஸில் ஒரு கையும் சோற்றில் இல்லை.

சமையல்காரர் காதர் மைதீன் அண்டாவருகே நின்று பார்த்தார். சாப்பாட்டில் இன்னொரு புகார் வந்தால் விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று ஆபீஸில் முன்பே சொல்லியிருந்தார்கள். இந்த வயதில் விசா கொடுத்து வேறு எந்த கபீலும் எடுக்கமாட்டான். கறி காலையில் அவரே சந்தையில் நின்று வெட்டி வாங்கியது. அவருக்குச் சந்தேகம் கறிமேல் இல்லை, தின்ஷாமேல். தன் ஆளை அடுப்படிக்குக் கொண்டுவரப் பார்க்கிறான். விடிந்ததும் விளக்கைப் பார்த்து நின்று, இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கட்டி முணுமுணுக்கிறவனை எப்படி நம்புவது?

கரண்டியோடு நேரே போனார். "என் சோத்துல மண்ணப் போடத்தான் வந்தீங்களா, சாப்?" என்றார். கோபத்தில் தமிழில் வந்துவிட்டது. மறுபடி இந்தியில் கேட்டார்.

தின்ஷா நவ்சாரியிலிருந்து வந்த பார்சி. அவன் இந்தியில் சொன்னதை நாகலிங்கம் உதட்டைச் சுழித்துக்கொண்டே மற்றவர்களுக்குச் சொன்னான். அவர்களுக்கு இது பஹ்மன் மாதமாம். பஹ்மன் என்றால் நல்ல மனம். கடவுள் முதலில் உண்டாக்கியது அதைத்தானாம். எது சரி என்று ஒருவன் தானே யோசித்து முடிவெடுப்பது அந்த மனத்தால்தான். ஆடுமாடுகளுக்கும் அதுவே காவல். அதனால் மாதம் முழுக்கக் கறி கிடையாது. கயிறு கட்டுவது அவர்கள் தொழுகை.

"மத்த மாசமெல்லாம் கெட்ட மனசா?" என்றான் ஜெயமணி. சிரித்தார்கள். தட்டை யாரும் இழுக்கவில்லை.

கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக் கறியை விடுகிறவன் ஐயப்பன். அவனுக்குக்கூட இதுவும் அதுபோல ஒரு விரதம் என்று தோன்றவில்லை. புகார் சொல்லப் போனை எடுத்து ஆபீஸ் நம்பரைத் தேடினான்.

"நல்லாச் சோடிக்கிறான். ஒரு துண்டு தின்னு காட்டச் சொல்லு" என்றான் ஜெயமணி. நாகலிங்கம் அதை இந்தியில் சொன்னான்.

தின்ஷா ஐயப்பனின் போனைப் பார்த்தான். கரண்டியோடு நின்ற காதர் மைதீனைப் பார்த்தான்.

"ஆடு செத்துப்போச்சு, சாச்சா. உங்க வேலை இன்னும் சாகல" என்று இந்தியில் மெதுவாகச் சொன்னான்.

நாகலிங்கம் தள்ளிவிட்ட தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்து மென்று விழுங்கினான். முகம் கோணியது. தண்ணீர் குடித்தான்.

தட்டுகள் திரும்பி வந்தன. ஐயப்பன் போனைப் பையில் போட்டான். அண்டா காலியானது.

கைகழுவும் இடத்தில் நாகலிங்கம் சொன்னான்: "சாமி காரியத்தையே முறிச்சுட்டுத் திங்கிறான்னா, பாஸுக்கும் சமையல்காரனுக்கும் உள்ள ஏதோ இருக்குடா."

காதர் மைதீனுக்கும் அது கேட்டது. மறுநாள் கறிக்கரண்டி படாமல் தனிச் சட்டியில் பருப்பு வைத்து, தானே கொண்டுபோனார். பதிலுக்கு இவன் என்ன கேட்கப்போகிறானோ என்று முகத்தையே பார்த்து நின்றார்.

தின்ஷா பச்சைமிளகாய் கேட்டான்.