கூடைக்குள் போன சாவி

அன்று ஜீப்பில் இருந்தவர்கள் நான்கு பேர். நான்; பெயர் சின்னக்குழந்தை, வயது எழுபத்திரண்டு. என் தம்பி அருணகிரி. மடியில் பரிசக் கூடையோடு என் மூத்த மருமகள் கல்பனா. வண்டி ஓட்டிய படவேட்டு தேவராஜ். எங்களுக்கு முன்னால் போன வெள்ளை வேனில் ஒருவன் மட்டும் இருந்தான். அவன் வடிவேலு, நாங்கள் பரிசம் போடப் போன பெண்ணின் அண்ணன். கடைசியில் ஏட்டு ஒருவர் வந்து சேர்ந்தார். இந்த ஆறு பேரைத் தவிர அந்த மலைப்பாதையில் நடந்ததைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. கண்டதாகச் சொல்லித் திரிகிறவர்கள் இப்போது ஐம்பது பேருக்குக் குறையாது. அதனால் எழுதுகிறேன்.

என் இளைய மகன் ராஜ்குமாருக்குக் கணியம்பாடிப் பக்கம் பெண் பேசியிருந்தோம். பெண்ணின் தகப்பன் சக்கரவர்த்தியும் மலைக்காரர்தான். இருபது வருடம் முன்பு கீழே இறங்கிக் குடியேறியவர். எங்கள் குடும்பத்து வழக்கங்கள் அவருக்கும் தெரியும். பரிசக் கூடை வீட்டை விட்டுக் கிளம்பினால் பெண் வீட்டு நடுக்கூடத்தில்தான் இறங்க வேண்டும். வழியில் தரையில் படக்கூடாது. போர்த்திய துணிக்குள் கைவிட்டு எதையும் எடுக்கக்கூடாது. பெண் வீட்டார் ஒருவர் விடியலில் வந்து, சாப்பிட்டு, எங்களை அழைத்துக்கொண்டு முன்னால் போவார். அவரை நாங்கள் முந்தக்கூடாது. எங்களை விட்டுவிட்டு அவரும் ஊருக்குள் நுழையக்கூடாது. மாப்பிள்ளை வரும் வழக்கம் இல்லை.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். அமிர்தி வழியாக இறங்கும் பாதை. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் வேன் கீழ்ச் சாலைக்குத் திரும்பியபோது அதன் முகம் எங்களுக்குத் தெரிந்தது. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வானத்தைப் பார்த்தேன். கழுவிவிட்டது போல வெறுமையாக இருந்தது. பனியும் இல்லை.

"தேவராஜ், அவன் எதுக்கு வைப்பர் போட்டுக்கினு போறான்?"

"நானும் அதத்தான் பாத்துக்கினு வர்றேன் பெரியவரே. கண்ணாடியில குருவி எச்சம் போட்டிருக்கும்."

அது சரியான காரணம்தான். ஆனால் அடுத்த வளைவிலும் ஓடியது. அதற்கடுத்த வளைவிலும் ஓடியது. எத்தனை குருவி எச்சம் போடும்?

பிறகுதான் மற்றவற்றைக் கவனிக்க ஆரம்பித்தேன். நேர்ச் சாலையில், எதிரே ஓணான்கூட இல்லாத இடத்தில், நீளமாக ஹாரன் அடித்தான். ஹாரன் அடித்தே ஆக வேண்டிய வளைவில் ஊமையாகத் திரும்பினான். ஓரிடத்தில் மாட்டு வண்டியைப் போல ஊர்ந்தான். அடுத்த இறக்கத்தில் கல்லை உருட்டிவிட்டது போலப் போனான். வலப்பக்கத்துத் தடுப்புச் சுவரை ஒரு முறை உரசுவது போலப் போய் விலகினான். இடப்பக்கத்து நாணல் புதரை வேன் தடவிக்கொண்டு போனதில் பூ கொட்டியது.

"மாமா, ஃபோன் பேசிக்கினு ஓட்றாரோ?" என்றாள் கல்பனா.

"இங்க ஏதும்மா டவரு? பேசுனா மரத்துகிட்டதான் பேசணும்," என்றான் தேவராஜ்.

"தூக்கமா இருக்கும். ராத்திரியே கிளம்பி வந்திருப்பாரு."

"தூக்கக் கலக்கத்துல போறவன் ஒரு பக்கமாத்தான் சாய்வான். இவரு ரெண்டு பக்கமும் நலம் விசாரிச்சுக்கினு போறாரே."

கல்பனா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பக்கத்தில் இன்னொரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. அருணகிரி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். என் தம்பியை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். துக்க வீட்டிலேயே அவனை நாங்கள் கையைப் பிடித்து அடக்க வேண்டியிருக்கும்.

"அருணகிரி."

"இன்னா அண்ணா?"

"காலையில வடிவேலுக்கு யார் சோறு போட்டது?"

"கல்பனாதான் குடுத்தனுப்புச்சு. புளியமரத்தாண்ட ஒக்காந்து சாப்ட்டான்."

"கூட யாரு ஒக்காந்தது?"

"நான்தான். அழைக்க வந்தவன ஒண்டியா உட்டா நல்லா இருக்குமா?"

"சாப்ட்டு இன்னா குடிச்சான்?"

அருணகிரி வெளியே பார்த்தான். "மோரு."

"மோரு நான் ஊத்தவே இல்லியே சின்ன மாமா," என்றாள் கல்பனா. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அந்த மோர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பினாள்.



"அரை பாட்டில்தான் அண்ணா," என்றான் அருணகிரி. "கொஞ்சம் நான் குடிச்சேன். மீதிய அவன் குடிச்சான். பொண்ணு வூட்டு ஆளு மரியாதியா கேட்டான், இல்லைன்னு எப்பிடி சொல்றது?"

எங்கள் வீட்டு வாசலுக்குள் சாராயம் வந்ததில்லை. என் அப்பா வர விடவில்லை. நானும் விடவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் குடித்துவிட்டு வந்தவனை எழுப்பி அனுப்பிய குடும்பம் எங்களுடையது. அந்தப் புளியமரம் எங்கள் வேலிக்கு உள்ளேதான் நிற்கிறது. வேலிக்கு வெளியே நிற்பதாக அருணகிரி அப்போது சொல்லப் பார்த்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"எத்தன மணிக்கு வேலூர் பஸ்ஸு மல ஏறும்?" என்று தேவராஜைக் கேட்டேன்.

"எட்டுக்கு அமிர்தி செக்போஸ்ட்டத் தாண்டும். இன்னும் இருவது நிமிசம் கீது." அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "சனிக்கிழம. நின்னுக்கினு வருவாங்க ஜனங்க."

அந்தப் பாதையில் பேருந்தும் வேனும் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்று ஒதுங்க வேண்டும். ஒதுங்கத் தெரியாதவன் கையில் வேன் இருந்தது.

"முந்திப் போய் குறுக்க நிறுத்துப்பா," என்றான் அருணகிரி.

"அண்ணே, குடிச்சவன முந்துனா அவன் எந்தப் பக்கம் சாய்வான்னு அவனுக்கே தெரியாது. கூட நம்மளையும் சேத்து கீழ தள்ளிடுவான்."

"ஹாரனாவது அடி."

"அடிச்சா பந்தயம்னு நெனைச்சு முறுக்குவான். பத்தொம்பது வருசமா இந்த மலையில ஓட்றேன். இந்த மாதிரி ஆளுக்குப் பின்னாடி தூரமா வர்றதுதான் நமக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது." அவன் வேகத்தை இன்னும் குறைத்தான்.

"டவரு எங்க கெடைக்கும்?" என்று கேட்டேன்.

"வேங்கை மரத்து வளைவுல."

அருணகிரி என் பக்கம் திரும்பினான். "அண்ணா, போலீசுக்கா? எங்க குடிச்சன்னு கேப்பாங்க. எங்க சம்பந்தி வூட்லன்னு சொல்லுவான். பரிசத்தன்னிக்குப் பொண்ணோட அண்ணன புடிச்சுக் குடுத்தா அந்த வூட்ல நமக்கு யாரு தண்ணி குடுப்பா? ராஜ்குமாரு கல்யாணம் நிக்கும். நம்ம பேரு நாறும்."

அவன் சொன்னது ஒன்றும் பொய் இல்லை. நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனால் யோசித்தேன். வேங்கை மரத்து வளைவு வரும் வரைக்கும் யோசித்தேன்.

"நிறுத்து," என்றேன்.

ஜீப் நின்றது. வேன் எங்களைக் கவனிக்காமல் வளைவுக்கு அப்பால் மறைந்தது. தேவராஜ் செக்போஸ்ட்டில் தனக்குத் தெரிந்தவரைக் கூப்பிட்டு, வேலூர் பஸ்ஸை ஏறவிடாமல் நிறுத்திவைக்கச் சொன்னான். நான் நூறுக்குப் போட்டேன். என் பெயர், தகப்பன் பெயர், ஊர், வேனின் நிறம், எண், எந்தப் பக்கம் இறங்குகிறது, எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் பேசியவர் நிதானமான ஆள்.

"சந்தேகத்துல சொல்றீங்களா, இல்ல குடிச்சது நிச்சயமாத் தெரியுமா ஐயா?"

சந்தேகம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது போதும். அருணகிரியும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்," என்றேன். "குடிச்சது என் வூட்ல."

மறுபடி கிளம்பினோம். ஒவ்வொரு வளைவிலும் கீழ்ச் சாலையை எட்டிப் பார்த்தோம். ஹாரன் சத்தம் நின்றுபோயிருந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று ஜீப்பில் யாருக்கும் தெரியவில்லை. கல்பனா கூடையை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேங்கை மரத்திலிருந்து மூன்றாவது வளைவில் வேன் நின்றிருந்தது. இடப்பக்கத்து முன்சக்கரம் மலையோரச் சாக்கடையில் இறங்கியிருந்தது. வைப்பர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வடிவேலு தடுப்புச் சுவரில் உட்கார்ந்து நாங்கள் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"இன்னா மாமா இது, நின்னுட்டீங்க?" என்று அவன் என்னைக் கோபித்துக்கொண்டான். "கண்ணாடியில பாக்குறேன், ஒங்களக் காணோம். கூடை இல்லாம நான் மட்டும் ஊருக்குள்ள போனா எங்கப்பா என்னைச் செருப்பால அடிக்க மாட்டாரு? ஓரங்கட்டுனேன். ஓரம் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு."

எங்களைக் காணவில்லை என்பதற்காகத்தான் அவன் வண்டியை நிறுத்தியிருக்கிறான். தன்னால் நேராக ஓட்ட முடியவில்லை என்பது அவனுக்குத் தெரியவில்லை. வழக்கம் மட்டும் நினைவில் இருந்திருக்கிறது. இதைப் பற்றி நான் பிறகு வெகுநேரம் வியந்திருக்கிறேன்.

"தள்ளுங்க. ரெண்டு பேரு தள்ளுனா ஏறிடும். போய்ட்டே இருக்கலாம்," என்றபடி அவன் சுவரிலிருந்து இறங்கினான்.

நான் வேனுக்குள் கைவிட்டுச் சாவியை உருவினேன். வைப்பர் பாதியில் நின்றது. அவன் என் கையைப் பார்த்தான். என்னைவிட நாற்பது வயது இளையவன், மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. சாவியை என் மடியில் வைத்திருந்தால் பிடுங்கியிருப்பான். தேவராஜிடம் கொடுத்திருந்தால் அடிதடி ஆகியிருக்கும். நான் ஜீப்புக்குத் திரும்பி, கல்பனாவின் மடியிலிருந்த கூடையின் துணியை ஒரு விரல் அளவு தூக்கிச் சாவியை உள்ளே போட்டேன்.

கூடையிலிருந்து எடுக்கத்தான் தடை. போடுவதற்குத் தடை இல்லை. என் பரிசத்தின்போது மறந்துபோன மஞ்சளை வழியில் போட்டிருக்கிறார்கள். இதை நான் நன்றாகத் தெரிந்தே செய்தேன்.

"சாவி கூடையில இருக்குது வடிவேலு. வேணும்னா எடுத்துக்க."

அவன் ஜீப்பருகே வந்தான். கையை நீட்டினான். மஞ்சள் துணிக்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. கல்பனா அசையவில்லை.

"தங்கச்சி கூடைங்க இது," என்றான் என்னிடம். "இதுல கை வக்கிறவனா நானு?" பிறகு சாலையோரமாகவே உட்கார்ந்துகொண்டான். அருணகிரி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஏட்டு வந்து வடிவேலுவை ஊதச் சொன்னார். கருவி சொல்ல வேண்டியதைச் சொன்னது. எழுத வேண்டியதை எழுதினார். பிறகு சாவியைக் கேட்டார். கூடை எங்கே இறங்க வேண்டும் என்பதை நான் விளக்கினேன்.

"பெரியவரே, எனக்கு இன்னா கதை சொல்றீங்க?"

"கதை இல்லைங்க. துணிய இங்க வெலக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ள நானே ஸ்டேஷனுக்குக் கொண்டாந்து ஒங்க கையில குடுக்குறேன்."

அவர் என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், சாக்கடையில் சாய்ந்திருந்த வேனைப் பார்த்தார். "அஞ்சு மணிக்குள்ள," என்று சொல்லி வடிவேலுவை ஏற்றிக்கொண்டு போனார். கீழே செக்போஸ்ட்டில் வேலூர் பஸ் ஜனங்களோடு நின்றுகொண்டிருந்தது. தாமதத்துக்காகச் சிலர் எங்கள் ஜீப்பைப் பார்த்துத் திட்டினார்கள். கேட்டுக்கொண்டு போனோம்.

சக்கரவர்த்தி வீட்டு நடுக்கூடத்தில் கூடை இறங்கியது. அழைத்து வரப் போனவன் எங்கே என்று எல்லார் கண்ணும் கேட்டது. ஆனால் கூடையைத் திறப்பதற்கு முன் கேள்வி கேட்பது வழக்கமில்லை. சக்கரவர்த்தி துணியை விலக்கினார். புடவையின் மேல், வெற்றிலைக்கும் தேங்காய்க்கும் நடுவில், வேன் சாவி கிடந்தது. முருகன் படம் போட்ட வளையம். அவர் மகனுடையது.

"இது இன்னா?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். அருணகிரி என் வேட்டியைப் பிடித்து இழுத்தான். நான் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். வடிவேலு குடித்திருந்தான், போலீசைக் கூப்பிட்டது நான், குடிக்கக் கொடுத்தது என் தம்பி, கொடுத்த இடம் என் வீட்டு வேலிக்குள். பெண் கொடுக்க மனமில்லை என்றால் கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம் என்றும் சொன்னேன். அந்தக் கூடத்தில் முப்பது பேராவது இருந்தார்கள்.

"பையன் நல்லா கீறானா?" என்றார் சக்கரவர்த்தி.

"ஒரு கீறல் இல்ல. ஸ்டேஷன்ல இருக்கான்."

"பஸ்ஸு?"

"செக்போஸ்ட்லயே நிக்க வச்சிட்டோம்."

அவர் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மத்ததெல்லாம் எங்களுது," என்றார். "இத மட்டும் ஸ்டேஷன்ல குடுத்துடுங்க."

நாலரை மணிக்குக் கொடுத்தேன். கல்யாணம் ஆவணியில் நடந்தது. வடிவேலுவின் லைசென்ஸை நிறுத்திவைத்திருந்ததால் அவன் பஸ்ஸில் வந்தான். என்னோடு பேசவில்லை, ஆனால் பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்றினான். அருணகிரி அன்று முழுவதும் மோர்தான் குடித்தான். அதை ஊற்றியது கல்பனா.

இப்போது ஊரில் பேசுவது பற்றி. எங்கள் வீட்டில் சாராயம் கொடுக்கப்பட்டது என்கிறார்கள். அது உண்மை. சம்பந்தி மகனைப் பற்றி நான் போலீசில் சொன்னேன் என்கிறார்கள். அதுவும் உண்மை. வேனைத் தள்ளுவதற்காகக் கல்பனா இறங்கினாள், பரிசக் கூடையைத் தார் ரோட்டில் வைத்தாள் என்கிறார்கள்.

வைக்கவில்லை. அவள் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.