ஹவில்தார் முனிசாமியின் வலக்கை

1

இது கேட்டு வாங்கப்பட்ட கதை. கொடிநாளை ஒட்டி ஒரு மலர் போடுகிறோம், நம் ஊர்ப் பட்டாளத்துக்காரர் ஒருவரைப் பற்றி நல்ல வீரமான கதை வேண்டும் என்று முன்னாள் ராணுவத்தினர் நான்கு பேர் என் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். நால்வருக்கும் என்னைவிட வயது அதிகம். காப்பியைக்கூட நிமிர்ந்து உட்கார்ந்துதான் குடித்தார்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

எனக்கும் ராணுவத்துக்கும் இருந்த ஒரே சம்பந்தம், அது ஒருமுறை என் மார்பை அளந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியதுதான். சீனாக்காரன் எல்லையில் வந்த வருஷம் அது. மூச்சை எவ்வளவு இழுத்துப் பிடித்தும் நாடா நகரவில்லை. அளந்தவர், "எழுதப் படிக்கத் தெரியுமா தம்பி? அப்ப அதையே பண்ணு," என்றார். அதையே பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வாக்கியம் இப்படி ஆரம்பித்தது:

குண்டுகள் சீறிப் பாய்ந்தன. முனிசாமி தன் துப்பாக்கியை —

வேண்டாம். குண்டு சீறுமா என்பதே எனக்குத் தெரியாது. அடுத்தது:

பர்மாக் காட்டில் விடாத மழை. ஹவில்தார் முனிசாமியின் மீசையில் —

மீசைக்கு மேல் நகரவில்லை. நான் எழுதும் முனிசாமிகள் எல்லாம் சலூன் காலண்டரில் தொங்குகிறவர்களாகவே வந்தார்கள். காகிதம்தான் வீணானது.

2

எழுத்து வராத நாட்களில் கோயிலுக்குப் போவது என் வழக்கம். சாமி கும்பிட இல்லை, கல்லைப் பார்க்க. எங்கள் காஞ்சிபுரத்தில் படைக்குப் பஞ்சமே கிடையாது. வரதர் கோயில் மண்டபத் தூண்களில் குதிரை வீரர்கள் பாய்ந்தபடி நிற்கிறார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் முழுக்கப் பல்லவர்களின் சண்டை. ராஜாக்களுக்குப் பெயர் இருக்கிறது. ராஜாவுக்கு முன்னால் நடந்து போய் வெட்டுப்பட்டவனுக்குப் பெயர் இல்லை. பக்கத்துப் புள்ளலூரில் ஹைதர் அலியோடு நடந்த சண்டையில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு நினைவுத் தூண் வைத்திருக்கிறார்கள். அதே வயலில் விழுந்த நம் சிப்பாய்களின் மேல் நெல் விளைகிறது.*

(* அடிக்குறிப்பு போல ஒன்று: அந்தப் பல்லவச் சுவரில் ஒருநாள் பகல் முழுக்கத் தேடினேன். வெட்டுகிறவர் இருந்தார், வெட்டுப்படுகிறவர் இருந்தார். வெட்டுப்பட்டவனுக்குக் கட்டுப் போடுகிற ஆள் மட்டும் என் கண்ணில் படவில்லை. யாரோ போட்டுத்தானே இருப்பார்கள்? இந்தக் கேள்வியோடு வீட்டுக்குத் திரும்பியபோதுதான் கதைக்கு இன்னொரு ஆள் கிடைத்தாள். அவள் நான்காம் பகுதியில் வருவாள்.)

3

முனிசாமிக்குச் சொந்த ஊர் பக்கத்து ஓரிக்கை. வயது ஐம்பதை நெருங்குகிறது. இளம் வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மாவில் ஜப்பான்காரனோடு சண்டை போட்டு, வெள்ளைக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறியதை அட்டென்ஷனில் நின்று பார்த்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். திரும்பியதும் அப்பா பார்த்த குத்தகை நிலத்தையே தானும் பார்த்தார். நிலம் சின்ன காஞ்சிபுரத்துப் பராங்குசம் ஐயங்காருடையது.

குத்தகைக்காரன் ஐயங்கார் தெருவில் நுழைந்தால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு வந்துவிட வேண்டும். வாசலில் நின்று கும்பிட வேண்டும். முனிசாமியும் அப்படித்தான் கும்பிட்டார். பராங்குசத்தை ஒரு கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அதட்டாதவர், விளைச்சல் பொய்த்த வருஷம் விட்டுக்கொடுத்தவர். ஆனால் பதிலுக்கு ஒருநாளும் கை கூப்பியதில்லை. கும்பிடு என்றால் வந்து சேர்கிற ஒன்று, திருப்பிக் கொடுக்கிற ஒன்று அல்ல என்பது அவருக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்.

படையில் வேறு மாதிரி. சேர்ந்த புதிதில் முனிசாமி வெடவெடத்துக்கொண்டே ஒரு மேஜருக்கு சல்யூட் வைத்தார். அந்த வெள்ளைக்காரர் நின்று, கையை உயர்த்தி, திருப்பி வைத்துவிட்டுப் போனார். அன்று பாரக்கில் முனிசாமிக்குச் சோறு இறங்கவில்லை. "தொரை எனுக்கு வெச்சாருப்பா," என்று பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

[அந்த மேஜர் அவரைச் சாகக் கொடுக்கத்தான் கூட்டிப் போனார் என்று நீங்கள் சொல்வீர்கள். சரி. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கை திரும்பி வந்ததே.]

சிப்பாய் என்றதும் சுடுகிறவன், சாகிறவன் என்று இரண்டைத்தான் நாம் நினைக்கிறோம். ஊர்க்கோடி வீட்டுப் பிள்ளை ஒருவன், தான் வைத்த மரியாதை தனக்குத் திரும்பி வந்ததை முதன்முதலாகப் பார்த்த இடமும் அதுதான். இந்த மலரில் வேறு எதை அடித்தாலும் இந்த வரியை அடிக்காதீர்கள் என்று அந்த நால்வரையும் கேட்டுக்கொள்கிறேன்.

முனிசாமியின் மகன் வேணுகோபால் கட்சிக்காரன். அறுபத்தேழில் ஆட்சி மாறியதும் அப்பாவை உட்கார வைத்துப் பேசினான்.

"நைனா, இனிமே அந்தத் தெருவுல துண்டு எறங்கக்கூடாது. கையும் தூக்கக்கூடாது. எனுக்கு வாக்கு குடு."

முனிசாமி கொடுத்தார். கொடுத்த பிறகு அந்த வீட்டுக்குத் துண்டே இல்லாமல் போகத் தொடங்கினார். துண்டு இருந்தால்தானே அது எங்கே இருக்கிறது என்ற பேச்சு வரும்? கொளுத்துகிற வெயிலில் வேர்வையைப் புறங்கையால் வழித்துக்கொண்டு போனார், வந்தார்.

4

அறுபத்தெட்டு வைகாசியில் பராங்குசத்தின் இளைய மகள் நாமகிரிக்குக் கல்யாணம். பந்தலுக்கு வாழைமரமும் சமையலுக்குத் தாரும் ஓரிக்கையிலிருந்து முனிசாமியின் வண்டியில் வந்தன. வேணுகோபாலும் கூட வந்தான், அப்பாவின் கை மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு.

மூத்த மகள் அம்ருதவல்லி. கட்டுப் போடுகிற ஆள் என்று நான் தேடியது இவளைத்தான். நர்சு படிப்பு படித்தாள். சீனா சண்டைக்குப் பிறகு ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். "கண்டவா ரத்தத்தைத் தொடறவ என் ஆத்துக்குள்ள எப்படி வருவா?" என்று பராங்குசம் கேட்டதோடு சரி. அன்று முதல் யார் விசாரித்தாலும் தனக்கு ஒரே பெண் என்றுதான் சொன்னார். நாமகிரிதான் மடக்கினாள். அக்கா வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்றாள். சேலை கட்டிக்கொண்டு, கொல்லைப்புறமாக வந்து, பெண்களோடு பெண்ணாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்பா இறங்கி வந்தார்.

அம்ருதவல்லி சேலை கட்டவில்லை. ரயில் தாமதம், மாற்ற நேரமில்லை என்று ஒரு காரணம் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவளுக்கு மாற்ற இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

[அந்தக் காலத்து உடுப்பு எப்படி இருக்கும் என்று இரண்டு பேரிடம் கேட்டேன். இரண்டு விதமாகச் சொன்னார்கள். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளைத் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளில் இருந்ததைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. பக்கத்துக்கு இரண்டு நட்சத்திரம்.]

பஞ்சாபில் அவள் பார்த்த அறுபத்தைந்தாம் வருஷத்துச் சண்டையைப் பற்றி இங்கே இரண்டு பக்கம் இருந்தது. ஆஸ்பத்திரி மேல் குண்டு விழுந்தபோது எழுந்திருக்க முடியாதவர்களைக் கட்டிலோடு அவள் —

அதையும் கிழித்தேன். இந்தக் கதை முனிசாமியின் பக்கத்தில் நிற்கிறது. அவருக்குத் தெரியாதது உங்களுக்கும் வேண்டாம்.

5

ஜட்கா வண்டி பந்தல் வாசலிலேயே வந்து நின்றது. முனிசாமி அப்போதுதான் கடைசி வாழைமரத்தைக் கம்போடு சேர்த்துக் கட்டி முடித்திருந்தார். முதலில் அவர் பார்த்தது முகத்தை இல்லை, தோளை. நர்சு வேலை என்று கேள்விப்பட்டிருந்தார். நட்சத்திரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டு நட்சத்திரம் என்றால் லெப்டினென்ட்.

அவருடைய குதிகால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. கை மட்டும் தொடையோடு நின்றது. இந்தத் தெருவில் தூக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த கை அது. வாக்கு வாங்கியவன் இரண்டடி தள்ளி மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

அம்ருதவல்லி பெட்டியோடு இறங்கினாள். மாப்பிள்ளையின் அப்பா பராங்குசத்தின் பக்கம் திரும்பினார்.

"ஸ்வாமி, இது யாரு? நர்ஸ் மாதிரின்னா இருக்கு. ஆத்துல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

பராங்குசம் சந்தனக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்ருதவல்லி அப்பாவைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

முனிசாமிக்குக் கோபம் வந்தது. பர்மாவில் காயம்பட்டுக் கிடந்தபோது தன் வாயில் தண்ணீர் ஊற்றியவளின் முகம் அவருக்கு ஞாபகம் இல்லை. வெள்ளைத் துணிதான் ஞாபகம். அந்தத் துணிக்கு இந்தப் பந்தலில் பதில் சொல்ல ஒரு வாய் இல்லையா என்று நினைத்தார். நட்சத்திரம் வாங்கிக்கொண்டு வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்து, யார் என்று ஒருத்தர் கேட்கிறார், இன்னொருத்தர் சந்தனத்தைப் பார்க்கிறார்.

மூன்றடி முன்னால் வந்தார். மார்பு விரிந்தது. வலக்கை பக்கவாட்டில் எழும்பி, புருவத்தில் போய் நின்றது. பெண் அதிகாரியை எப்படி அழைப்பதென்று அவருக்குப் படையில் யாரும் சொல்லித்தந்ததில்லை. அதனால் ஆண் அதிகாரிகளை அழைத்துப் பழகிய விதத்திலேயே சொன்னார்.

"ஜெய்ஹிந்த், சாப்."

தவில்காரர் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் நிறுத்தினார். மாப்பிள்ளையின் அப்பா, "ஏம்ப்பா, யாருக்கு இந்த சல்யூட்டு?" என்றார்.

"லெப்டினென்ட் சாப்புக்குங்க," என்றார் முனிசாமி, முகத்தைத் திருப்பாமல். "ஐயாவோட மூத்த பொண்ணு."

வேணுகோபால் பக்கத்தில் வந்துவிட்டான். "நைனா, இன்னா பண்ணிக்கினு இருக்கே? ஐயரு வூட்டுப் பொண்ணுக்குக் கை தூக்குறியா? எறக்கு."

"பொண்ணுக்கு இல்லப்பா. தோள்ல இருக்குது பாரு, அதுக்கு."

"எதுக்கோ ஒண்ணுக்கு. எறக்கு."

"நானா எறக்கக்கூடாது. அவுங்க திருப்பி வெக்கணும். அதுக்கப்புறந்தான் எறக்கணும்."

"இந்தத் தெருவுல எவன் நைனா உனுக்குத் திருப்பி வெச்சிருக்கான்?"

மகன் கேட்டது நியாயம்தான். இந்தப் பெண் ஒரு சிரிப்போடு உள்ளே போய்விட்டால், இது சிப்பாயின் கையாக இருக்காது. குத்தகைக்காரன் கும்பிட்டதாகத்தான் ஊர் சொல்லும். மகனுக்குக் கொடுத்த வாக்கும் போகும், பதினைந்து வருஷப் பட்டாளமும் போகும். முனிசாமி விரல்களை இன்னும் இறுக்கிச் சேர்த்துக்கொண்டார்.

6

முடிவு.

(அ) "என்ன முனிசாமி, சௌக்கியமா?" என்று அம்ருதவல்லி கனிவாக விசாரித்தாள். — ரொம்ப இயல்பான முடிவு. நல்ல பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். இதை எழுதிப் படித்தபோது எனக்கே கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது. அடித்துவிட்டேன்.

(ஆ) பராங்குசம் சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்து, "என் பெண்," என்றார். எல்லார் கண்ணிலும் — மலர்க்காரர்களுக்கு இதுதான் பிடிக்கும். அவர் சொல்லட்டும், சொன்னால் நல்லது. ஆனால் அதற்காக முனிசாமி கையைத் தூக்கவில்லை. ஒரு தகப்பனைத் திருத்துவதற்கு அவர் கையை நான் இரவல் வாங்க மாட்டேன்.

(இ) அம்ருதவல்லி தன் எதிரே உயர்ந்திருந்த கையைப் பார்த்தாள். அப்பாவிடமிருந்து பார்வையை எடுத்தாள். வலக்கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். குதிகால்களைச் சேர்த்தாள்.

இதுவரைக்கும் எழுதிவிட்டேன். அடுத்த வரி எது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எழுதத்தான் முடியவில்லை. அவள் ஒருத்தி மட்டும் திருப்பி வைத்தால் போதுமா என்று இருக்கிறது. அந்தக் கைக்கு எத்தனை பேர் பாக்கி. கல்லில் பெயர் வெட்டாதவர்கள், வயலில் புதைத்துவிட்டு நாற்று நட்டவர்கள், அவர் காத்த நாட்டில் கால் நீட்டிப் படுத்து, குண்டு சீறுமா பாயுமா என்று யோசித்தவன் ஒருவன். அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது பந்தலில் இருக்கிறவர்கள் மட்டுமல்ல.

ஹவில்தார் முனிசாமி வைகாசி வெயிலில் நிற்கிறார். நாம் திருப்பி வைக்காமல் அவர் கையை இறக்க மாட்டார்.

இதை இடக்கையால் செய்யக்கூடாதாம், விசாரித்துவிட்டேன். அதனால் பேனாவைக் கீழே வைக்கிறேன். நீங்களும் மலரை இடக்கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.