காற்றுப் படாத வார்டு

பிரசவ வார்டின் ஜன்னல் இடுக்கில் திணித்திருந்த பழைய சேலையை உருவியதும் நர்ஸ் ஜெசிந்தாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் படக்கூடாது என்று, கொல்லிமலையில் பிள்ளை பெற வருகிற ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு துணியை அங்கே அடைத்துவிட்டுப் போகும். பெற்றவள் வீட்டுக்குப் போய்விடுவாள், துணி இருக்கும். மழைக்காலம் முழுக்க அது ஈரத்தில் ஊறி, சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை ஏறியிருந்தது. குளிருக்கு அடக்கமாக இருக்கிறதென்று நர்சுகளும் சும்மா இருந்துவிட்டார்கள்.

லீவில் சொந்த ஊரான திண்டுக்கல் போனால் இருமல் போன இடம் தெரியாது. திரும்பி வந்து வார்டில் ஒரு பகல் இருந்தால் நெஞ்சு விசிலடிக்கும். "மாறுதல் வாங்கிட்டுக் கீழ போயிடுங்க சிஸ்டர், ஒடம்பப் பாருங்க" என்றார் டாக்டர் வெங்கடாசலம். நல்ல மனிதர்தான். ஆனால் ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. மண் சரிந்து ரோடு அடைபட்ட நாளிலும் இந்த மலையின் குண்டூர் நாட்டு ஊர்ப் பிள்ளைகளை ஏந்திய கை இது.

"போக வேண்டியது நானா சார், அந்தப் பூஞ்சையா?" என்று கேட்டுவிட்டு, வாளியும் பிரஷ்ஷுமாகச் சுவரைத் தேய்க்க இறங்கிவிட்டாள்.

மறுநாள் பூங்குழலிக்கு ஆண் குழந்தை. தலை வெளியே வருகிற நேரம் பார்த்து இருமல் முட்டியது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு பிள்ளையைக் கையில் வாங்கினாள். தாயையும் பிள்ளையையும் வார்டில் படுக்க வைத்த பிறகுதான், கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர இருமித் தீர்த்தாள். பூங்குழலியின் புருஷன் வேல்முருகன் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். பார்த்தவன் என்ன செய்தான்? தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் அடைத்தான்!

ஜெசிந்தாவுக்கு வந்ததே கோபம்.

"எடுப்பா அத!"

"குளுருகாத்து வருதுங்க சிஸ்டர். பச்ச ஒடம்புங்க."

"ஒம்பொண்டாட்டிக்குக் காத்துப் படக்கூடாதுன்னு அடைக்கிற, சரி. அடைச்ச இந்த ரூம்லதான் நான் தெனமும் மூச்சு விடுறேன். மூச்சு முட்டி நான் மலையிறங்கிட்டா, அடுத்த பிள்ளைய யாரு ஏந்துவா?"

வேல்முருகன் துண்டை உருவினான். ஜன்னலை அகலத் திறந்தான். பிறகு தான் போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றி, குளுக்கோஸ் ஸ்டாண்டில் கட்டி, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மறைப்பாக நிறுத்தினான்.

"இப்ப ரெண்டு பேருக்கும் ஆச்சுங்களா சிஸ்டர்?"

ஜெசிந்தா மூச்சை ஆழ இழுத்தாள். விசில் முழுக்க அடங்கவில்லை. இருக்கட்டும், இது அவள் வார்டு, அவள் எங்கும் போகப்போவதில்லை. ஜன்னல் வழியாக வந்த காற்றில் கம்பளி மெல்ல உப்பியது. அதற்கு அந்தப் பக்கம் பிள்ளை தூங்கியது. இந்தப் பக்கம் வேல்முருகன் வெறும் சட்டையோடு, பல் கிடுகிடுக்க, நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தான்.