காரணம் என்ற கட்டம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்புப் படிவம். எண்ணிக்கை: 0. காரணம் என்ற கட்டத்தில், பேனாவை வைத்து அழுத்திய ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

2

"காலை வெயிலில் காடு தங்கமாக மின்னியது, அவள் மெல்ல..."

(வேண்டாம். அந்தக் காட்டுக்குள் இப்போது வெயிலே விழுவதில்லை. கதையே அதுதான்.)

மறுபடியும் தொடங்குகிறேன். பூச்சி எண்ணுகிறவள் பதினொரு வருடமாக வாரம் ஒருமுறை ஒரே பாதையில், ஒரே வேகத்தில் நடக்கிறாள். தேடுவது கட்டைவிரல் நகமளவு பழுப்புப் பட்டாம்பூச்சி வகை ஒன்றை. அதுவும் கைக்கெட்டும் தூரத்தில் பறந்தால்தான் கணக்கு.

3

அங்கே விறகு வெட்டியவன் அவளுடைய அண்ணன். வருடத்துக்கு ஒரு துண்டு காடு வெட்டுவான், அடுத்த வருடம் வேறு துண்டுக்குப் போவான். வெட்டிய அடிக்கட்டைகளைச் சுற்றியே பூச்சிகள் பறப்பதைப் பார்த்த தங்கை, அவை வீடிழந்து அலைகின்றன என்று அறிக்கை எழுதினாள். வெட்டத் தடை வந்தது. அண்ணன் கிடங்கில் மூட்டை தூக்கப் போனான். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

(அண்ணனை வில்லனாக்கத்தான் நினைத்தேன். பெரிய மீசைகூட வைத்தேன். நாலு வரி தாண்டுவதற்குள் ஆள் மூட்டை தூக்கிக் களைத்துவிட்டான். மீசையை எடுத்துவிட்டேன்.)

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வெட்டிய இடத்தில் விழும் வெயிலில் முளைக்கும் புல்லில்தான் அந்தப் பூச்சி முட்டையிடும். வெட்டு நின்றதும் கிளைகள் கூடி மூடின, புல் செத்தது. வருடா வருடம் அவள் எண்ணியது: நாற்பத்தொன்று, பதினாறு, மூன்று, ஒன்று. இதை எழுத எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

4

பூஜ்யம் எழுதிய அன்று அவள் நேரே கிடங்குக்குப் போனாள். தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் போனாள். வாயில் வந்தது வேறு.

"அண்ணே, திரும்ப வெட்ட வர்றியா?"

அவன் மூட்டையை இறக்கி வைத்தான்.

"வெட்டின எடத்துலதான் அதுங்க முட்டை வைக்கும்னு எனக்குத் தெரியும்," என்றான். "நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்லையேம்மா."

5

முடிவு அ: அவன் வெட்டுகிறான், வெயில் விழுகிறது, ஒரு பூச்சி...

(பொய். முட்டையிட ஒன்றுகூட மிச்சமில்லாதபோது எங்கிருந்து வரும்?)

முடிவு ஆ: இருவரும் கட்டிக்கொண்டு அழுது...

(அந்தக் குடும்பத்தில் அப்படி யாரும் அழுததில்லை.)

மிஞ்சுவது அந்தக் கட்டம்தான். "நான்" என்று எழுதினால் போதும். அவள் பேனாவை வைத்து அழுத்தியதோடு சரி. அவளுக்காக எழுத எனக்கும் கை வரவில்லை. இந்தாருங்கள் பேனா, நீங்கள் எழுதுங்கள்.

காரணம்: