தைலம்மாள் பெயரில் சர்க்கரைப்பாகு

2025 செப்டம்பர் 12. கல்வராயன் மலைத் தைலம்மாளின் பெயரைத் தியாகதுருகத்துக் கவியரசன் இணைய முகவரியாகப் பதிந்துகொண்டு, அதில் சர்க்கரைப்பாகைத் தேன் என்று விற்கிறார். குறை இதுவே. கதை பிறந்ததும் இதிலிருந்துதான்.

1
'மேகம் தவழும் மலைமுகட்டில் தேனீக்களின்—'

அடித்துவிட்டேன். மேகத்துக்கு இவ்வழக்கில் பங்கில்லை.

2
'தைலம்மாள் தேன்' முறைப்படி பதிவான வணிகக்குறி. ஆவணி முதல் நாள் கள்ளக்குறிச்சியில் கடைத் திறப்பு. இணைய முகவரி அச்சிட்ட பேனர் ஆனியிலேயே ஏறிவிட்டது. முகவரியை மட்டும் எவரும் பதியவில்லை. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாதே! கவியரசனுக்கு அந்தத் தடை இல்லை.

(அடிக்குறிப்பு: 'ஆடி கழியட்டும்' என்று தைலம்மாளுக்கு யோசனை சொன்னவன் நான். இவ்வரியை மூன்று முறை நீக்கினேன், கதை நொண்டியது.)

திறந்த வாரமே மணலூர்பேட்டைக்காரி ஒருத்தி, இணையத்தில் வாங்கிய தேன் பாட்டிலைக் கொண்டுவந்து கடையில் வைத்தாள். "ஏன்க்கா, நீயே இப்டி பண்ணலாமா?"

தைலம்மாள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். அது அவர் அடைத்த பாட்டில் அன்று. மேலே இருந்ததோ அவர் பெயர்.

3
கவியரசனுக்கு முறுக்குமீசை வைத்துப் பார்த்தேன். பொய். மழித்த முகம், பணிவான பேச்சு. அவருடைய இணையப் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. அதில் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

தைலம்மாள் தியாகதுருகத்துக்கே போனார்.

"இன்னா தம்பி, யாரக் கேட்டு எம்பேர எடுத்துக்கினே?"

"சும்மா கெடந்துச்சுக்கா, எடுத்தேன்."

"சும்மாவா? அம்பது வருஷமா நான் அதுல குடித்தனம் பண்ணிக்கினு இருக்கேன்!"

"கோவப்படாதீங்க. மலைத்தேன் மொத்தத்தையும் எனக்கே போட்டுடுங்க. பாகை நிறுத்திடறேன்."

"எம்பேர்ல நானே உனக்குக் கூலிக்கு வரணுமா?"

4
முதல் முடிவு: கவியரசன் மனம் திருந்தி— (சிரிப்பு வந்துவிட்டது.)

இரண்டாம் முடிவு: தைலம்மாள் தேனுக்கு வேறு பெயர் வைக்கிறார். வாசித்துக் காட்டினேன்.

"ஆடின்னு சொன்னது நீங்க. மொதல்ல நீங்க பேர மாத்திக்குங்க, வாத்தியாரே."

5
முகவரித் தகராறுகளை விசாரிக்கும் நடுவருக்கு மனு தயார். பெயர் தைலம்மாளுடையது என்பதற்குச் சான்றிதழ் உண்டு. அப்பெயரை நம்பி மக்கள் ஏமாந்தார்கள் என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. மணலூர்பேட்டைக்காரியும், "எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா சிரிப்பாருக்கா" என்று நழுவிவிட்டாள். ஏமாற்றியவருக்கு இல்லாத வெட்கம் ஏமாந்தவர்களுக்கு இருக்கிறது.

ஆகையால் முடிவை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பக்கத்தில் தேன் வாங்கிய வாசகரே, 'நான் ஏமாந்தேன்' என்று ஒரே வரி எழுதுங்கள். அடியில் உங்கள் முழுப்பெயரைக் கையொப்பமிட்டுத் தைலம்மாளுக்கு அனுப்புங்கள். இன்றே.