பைண்டர் வீட்டுக் கோதுமை விதிகள்

மனித குலத்தின் வீழ்ச்சி, அது முதல் கோதுமைக் கதிரைக் குனிந்து பறித்த அன்றே தொடங்கிவிட்டது. பேரரசுகள் சரிந்ததும், மனிதனுக்கு மனிதன்மேல் நம்பிக்கை போனதும், வயிறு ஒரு உபாதையாக மாறியதும் அந்த ஒரு தானியத்தால்தான்.

இந்த வரலாற்று உண்மையை பைண்டர் கண்டுபிடித்து ஆறு மாதம் ஆகிறது. அதற்கு முந்தின நாள்வரை காலையில் ஆறு துண்டு ரொட்டி, பதினோரு மணிக்கு டீயில் முக்கி ஐந்து பிஸ்கட், சாயங்காலம் ஒரு பன் என்று அந்த வீழ்ச்சிக்குத் தன்னால் ஆன ஒத்தாசையைச் செய்துகொண்டிருந்தார்.

இரண்டு வருடமாக வயிறு உப்பல், சோர்வு. சட்டை, ஆணியில் மாட்டிய மாதிரி தோளில் தொங்கியது. கடைசியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, "சீலியாக்" என்றார். "கோதுமை, பார்லி மாதிரி தானியத்துல குளூட்டன்னு ஒண்ணு இருக்கு. மத்தவங்களுக்கு அது சாப்பாடு. உங்க குடலுக்கு அது எதிரி. ஒரு துணுக்குகூட உள்ள போகக் கூடாது. ஆயுசுக்கும்."

வேறு யாராக இருந்தாலும் இடிந்து போயிருப்பார்கள். பைண்டருக்கோ பதவி உயர்வு வந்த மாதிரி இருந்தது.

அச்சகத்தில் அவர் பைண்டிங் பிரிவுக்குத் தலைவர். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு முதல் கல்லூரி ஆய்வேடு வரை அவர் கையால் அட்டை போட்டுத்தான் வெளியே போகும். ஆகவே வீட்டுக்கும் ஒன்று தைத்தார். முதுகில் காலிகோ துணி, மேலட்டையில் தங்க எழுத்து: 'இல்ல உணவு ஒழுங்கு விதிகள்.' மொத்தம் நாற்பத்தெட்டு. அடுப்புக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்.

விதி மூன்று: ஐயாவின் கரண்டியை வேறு பாத்திரத்தில் விடலாகாது. விதி ஒன்பது: ரொட்டி நறுக்கிய கத்தி, ஐயாவின் கத்தி இருக்கும் இழுப்பறையில் துயிலலாகாது. விதி இருபத்திரண்டு: எந்தப் பொட்டலமும் ஐயாவின் பரிசோதனைக்குப் பிறகே பிரிக்கப்படும்.

"கத்தி எங்க தூங்குச்சு?" என்று கேட்டாள் மனைவி. அவள் ஒரு மருந்துக்கடை கவுண்டரில் வேலை பார்க்கிறவள். கோழி கிளறிய மாதிரி எழுதிய சீட்டையெல்லாம் ஒரு பார்வையில் படித்துவிடுவாள். இந்த நாற்பத்தெட்டையும் படித்தாள். மறுபேச்சு பேசாமல், வீட்டிலிருந்த ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, தானும் அன்றோடு அவற்றை விட்டுவிட்டாள். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அதற்கு விதி இல்லை.

சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டார். கடையில் சோயா சாஸ் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார்; கோதுமை. பெருங்காயப் பொடியைப் படித்தார், அதிலும் கோதுமை. "காயத்துல எதுக்குய்யா கோதுமை? இவனுங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்று கடைக்காரரை நடுக்கடையில் நிற்க வைத்துக் கேட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. பாவம், கடைக்காரர்தான் பெருங்காயம் செய்கிறவர் இல்லை. குளூட்டன் இல்லாத ரொட்டி என்று ஒன்றை வாங்கி வந்து கடித்துப் பார்த்தார். அட்டையோடு இருபத்தாறு வருடம் பழகியவர் என்பதால் உடனே இனம் கண்டுகொண்டார். "முப்பத்திரண்டு அவுன்ஸ் அட்டை. இதைக் கடிக்கக் கூடாது, கல்லூரி ஆய்வேட்டுக்குப் போடணும்."

அச்சகத்தில் அவர் பெயரே 'பூதக்கண்ணாடி' ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான், அதாவது மனைவியின் தம்பி. கையோடு கொண்டுவந்த பன்னைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிய்த்துத் தின்றான். துணுக்கு ஒன்று மேஜையில் கிடந்தது. பைண்டர் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"மச்சான், இது என்ன?"

"துணுக்கு, மாமா."

"இது துணுக்கு இல்லை. கொலை முயற்சி."

மச்சான் சிரித்தான். தப்பு. விதி முப்பத்தொன்றின்படி அன்றிலிருந்து அவனுக்கு வீட்டுக்குள் வர அனுமதி இல்லை. அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் மருந்துக்கடையில் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டான்.

இப்படி ஆறு மாதம் போனது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். குடல் கோதுமையை எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் எண் முதல் தடவை இருநூற்றுப் பத்து; அது இருபதுக்குக் கீழே போயிருக்க வேண்டும். குறைந்தது பாதியாவது ஆகியிருக்க வேண்டும். வந்ததோ நூற்றுத் தொண்ணூற்றாறு.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "தெரிஞ்சோ தெரியாமலோ, தினமும் உள்ள போயிட்டுதான் இருக்கு. எங்கேன்னு கண்டுபிடிங்க. இப்படியே விட்டா குடல் ஆறாது."

பைண்டர் வீட்டுக்கு வந்தது நோயாளியாக அல்ல, நீதிபதியாக. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இந்த வீட்டுல யாரோ எனக்குக் கோதுமை குடுக்கறாங்க."

"இந்த வீட்டுல நீங்களும் நானும்தான் இருக்கோம்" என்றாள் மனைவி.

"அதைத்தான் சொல்றேன்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. ஆறு மாதமாக இரண்டு வடிதட்டு, மூன்று துடைக்கும் துணி, காலையில் ஐந்து மணிக்கு எழுந்து அரிசியில் கல் பொறுக்குவதுபோல் கோதுமை பொறுக்கியது, எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்து நின்றது.

"சரி" என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்கு லீவு போடறேன். காலையில எழுந்ததுல இருந்து நீங்க வாயில வைக்கிற ஒவ்வொண்ணையும் கூடவே இருந்து பார்க்கறேன். தப்பு என் கையிலன்னா, இந்த அடுப்பையும் உங்க சட்டப் புத்தகத்தையும் உங்ககிட்டயே குடுத்துட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன். என் கையில இல்லைன்னா, நாலு பேர் முன்னாடி என் தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"தாராளமா" என்றார் பைண்டர். மடியில் கனமில்லாதவர் மாதிரிதான் இருந்தது குரல்.

மறுநாள் பல் தேய்த்த பசையைப் படித்தாள், ஒன்றுமில்லை. மாத்திரையைப் படித்தாள், ஒன்றுமில்லை. அரிசிக் கஞ்சியைத் தானே காய்ச்சித் தானே ஊற்றினாள். பிறகு சாப்பாட்டுத் தூக்கோடு அவர் பின்னாலேயே அச்சகத்துக்குப் போனாள்.

பைண்டிங் அறை நீளமானது. ஒரு பக்கம் இரண்டு பேர் ஓட்டும் வெட்டும் இயந்திரம், நடுவில் இடுப்பளவு அடுக்கிய காகிதம், ஜன்னலோரம் புத்தகம் தைக்கும் மேஜை. மூலையில் ஒரு அடுப்பு, அதன்மேல் பெரிய வாளி. தையல்காரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து காலைச் சாப்பாடாக ஒரு பன்னைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எத்தனை தடவை சொல்றது?" பைண்டர் வாசலிலேயே ஆரம்பித்தார். "பன்னை வெளிய போய்த் தின்னுங்க. தூள் காத்துல பறந்து வரும். ஒரு மனுசனோட உயிர் உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

"ஜன்னல் மூடியிருக்கு, சார்."

"மின்விசிறி சுத்துதே!"

தையல்காரம்மா பன்னோடு எழுந்து வாசற்படிக்குப் போனாள். போகிற போக்கில் மனைவியைப் பார்த்து, 'தினம் இதான்' என்பதுபோல் கண்ணைச் சிமிட்டினாள்.

பைண்டர் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். அடுப்பைப் பற்ற வைத்தார். மூட்டையிலிருந்து நாலு படி வெள்ளை மாவை வாளித் தண்ணீரில் கொட்டி, துடுப்பு மாதிரி இருந்த கட்டையால் கிண்டத் தொடங்கினார். கிண்டிக்கொண்டே, ஒரு சமூகம் எப்படித் தன் பலவீனமானவர்களைக் கைவிடுகிறது என்று பேசினார். உணவு விடுதிகளின் பொய்யைப் பற்றிப் பேசினார். சொந்தங்களின் துரோகத்தைப் பற்றி, பெயர் சொல்லாமல், மச்சானின் உயரம் நிறம் எல்லாம் சொல்லிப் பேசினார். வாளியில் கொப்புளம் வெடித்தது. கட்டையைத் தூக்கி, அதிலிருந்து ஒரு விரல் பசையை வழித்து நாக்கில் வைத்து, கண்ணை மூடினார்.

"என்னது அது?" என்றாள் மனைவி.

"பதம் பார்க்கறேன்."

"வாயிலயா?"

"பின்ன? வேகாத பசைன்னா நாக்குல மாவு மாவா நிக்கும். வெந்ததுன்னா வழுக்கிட்டுப் போகும். இதுக்கு மிஷின் கிடையாது. இருபத்தாறு வருஷ நாக்கு இது."

"இதுல பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுவீங்களே. விஷமாச்சே அது."

பைண்டருக்கு ரோஷம் வந்தது. "துத்தம் போடறதுக்கு முன்னாடிதான் நாக்குல வைப்பேன். அந்த அறிவுகூடவா எனக்கு இல்லை?"

அவள் பக்கத்தில் வந்து அவர் சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தாள். மூட்டைக்கு முன்னால் குனிந்தாள். அதில் எழுத்து சாண் உயரத்துக்கு இருந்தது, கண்ணாடி தேவையே இல்லை. ஆனாலும் கண்ணாடி வழியாகத்தான் படித்தாள், நிதானமாக.

"மைதா. முதல் தரக் கோதுமையிலிருந்து அரைத்தது."

வெட்டும் இயந்திரம் நின்றது. வாசற்படியில் பன் மெல்லுகிற சத்தமும் நின்றது.

பைண்டரின் விரல் இன்னும் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் மறைத்தார். பிறகு, முன்னெப்போதையும்விட அதிகக் கோபத்தோடு சொன்னார்: "இது சாப்பாடு இல்லையே! இது வேலை! விதியில உணவுன்னுதான் இருக்கு. பசையைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா? காட்டு பார்ப்போம்!"

"இல்லதான்" என்றாள் மனைவி. "உங்க புத்தகத்தை ஒட்டினதும் இதே பசைதானே? அடுப்புக்குப் பக்கத்துலதான் தொங்குது."

அவள் போனை எடுத்துத் தம்பியை அழைத்து, ஒலியைப் பெரிதாக்கி, மேஜைமேல் வைத்தாள்.

"மச்சான்" என்றார் பைண்டர், தொண்டையைச் செருமி. "சில சூழ்நிலைகளின் காரணமாக, முழு விவரமும் கிடைக்காத நிலையில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு..."

"மாமா, யாராவது செத்துட்டாங்களா?"

"மன்னிச்சுக்கடா" என்றார். அது மட்டும் சின்னதாக, உண்மையாக வந்தது. அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

மனைவி போனை வைத்தாள். கோபம் போகவில்லை, ஆனால் மருந்துக்கடைப் புத்தி வந்துவிட்டது. "டாக்டரம்மாகிட்ட சொல்லணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"ரெண்டு" என்றார் பைண்டர் தரையைப் பார்த்து. "காலையில ஒரு வாளி. மத்தியானம் ஒரு வாளி."

"மூணு, அக்கா" என்றாள் தையல்காரம்மா வாசற்படியிலிருந்து.

மூன்றாவது, சாயங்காலம் அடுப்பு அணைந்த பிறகு. துத்தம் போடுவதற்கு முன் ஒரு கரண்டிப் பசையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவார். அப்போது பதம் பார்க்க ஒன்றும் இல்லை. அவருக்கு அந்த ருசி பிடிக்கும்.